ஒரே அடுப்பில் உண்பவர்கள்

இதை 'நாங்கள்' என்று எழுதத் தொடங்குகிறோம். பணிவுப் பன்மையோ பத்திராதிபப் பன்மையோ இல்லை. எழுதுபவர்கள் மெய்யாகவே இருவர். புதுச்சேரி கதிர்காமத்தில், வழுதாவூர் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் வசிக்கும் கணவனும் மனைவியும். குடும்பத்தை மையமாகக் கொண்ட சமூகப் பணியில் முனைவர் பட்டம் பெற்றவள் எங்களில் ஒருத்தி. மற்றவன் சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் ஷிஃப்டு வேலை பார்ப்பவன். ஏழாண்டுக் காலம் அந்த ஆய்வு எங்கள் வீட்டுக் கூடத்திலும் சமையற்கட்டிலும் பரவிக் கிடந்ததால், அதில் எது யாருக்கு நேர்ந்தது என்று பிரித்துச் சொல்ல இப்போது இருவராலும் இயலவில்லை. தேவைப்படும் இடத்தில் 'எங்களில் ஒருத்தி', 'எங்களில் ஒருவன்' என்று சொல்லிக்கொள்கிறோம். வாசிக்க இடறினால் நண்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

கதிர்காமத்தில் 'டாக்டருக்குப் படிக்கிறாள்' என்றால் அதற்குப் பொருள் ஒன்றே. 2010-இல் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி இங்கே தொடங்கப்பட்டபின், வெள்ளைக் கோட்டு எங்கள் சாலையின் அன்றாடக் காட்சியாகிவிட்டது. 2016-இல் ஆய்வுக்குப் பதிவு செய்த செய்தி தெருவில் பரவியதும், எதிர்வீட்டு ஆயா முழங்காலைக் காட்டிக்கொண்டு வந்து நின்றார். இது ஊசி போடும் டாக்டர் இல்லை ஆயா என்று விளக்கியபோது, "அப்ப எதுக்கும்மா அது?" என்று கேட்டுவிட்டுப் போனார். உறவினர்களிடமும் இதே கதைதான். சமூகப் பணி என்பதை அவர்கள் சமூக சேவை என்றே கேட்டுக்கொண்டார்கள். "சேவை செய்ய மனசு இருந்தா போதாதா, பட்டம் எதுக்கு?" என்றார் ஒரு மாமா. கேலியாகக் கேட்டதுதான் என்றாலும், கேள்வியில் நியாயம் இருந்தது.

இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர்களில் முதல்வர் என்று மேரி ரிச்மண்டைச் சொல்லலாம். அவரும் கல்லூரிப் பட்டம் பெற்றவரில்லை. பால்டிமோர் நகரத்து அறச்சங்கம் ஒன்றில் 1889-இல் கணக்கு வழக்குப் பார்க்கச் சேர்ந்தவர். 1917-இல் அவர் வெளியிட்ட 'சோஷியல் டயக்னோசிஸ்' என்ற தடித்த நூல், உதவி நாடி வரும் ஒருவரைப் பற்றி யாரிடம் என்ன விசாரிப்பது, கேட்டதில் எதை எவ்வளவு நம்புவது என்பதைப் பக்கம் பக்கமாகப் பேசுகிறது. மனம் இருந்தால் போதும் என்று எண்ணியவர்கள் செய்த பிழைகளின் மீது எழுந்த நூல் அது. தனியாளைப் பார்க்காதே, அவரை அவர் குடும்பத்தோடு சேர்த்துப் பார் என்பது அவருடைய பாடங்களில் ஒன்று. 1920-இல் இத்துறையினர் தொடங்கிய இதழுக்கே 'தி ஃபேமிலி' என்றுதான் பெயரிட்டார்கள். பம்பாயில் டாடா பள்ளி 1936-இலும், சென்னையில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் 1952-இலும் வந்தன. ஆன் ஹார்ட்மனும் ஜோன் லேர்டும் எழுதிய நூல் 1983-இல் வெளிவந்தபோது 'குடும்பத்தை மையமாகக் கொண்ட' என்ற தொடர் பாடப்புத்தகத் தலைப்பாகவே ஆகிவிட்டது.

ஆனால் இதைப் படித்துக்கொண்டிருந்த நாட்களில் எங்களைப் பிடித்து நிறுத்தியது அமெரிக்க நூல் எதுவுமில்லை. அமிர்தசரஸில் நடந்த ஒன்று. 1950-களில் அங்கிருந்த மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளர் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் உறவினர்களை வீட்டுக்கு அனுப்பாமல், வளாகத்திலேயே கூடாரங்களில் நோயாளிகளோடு தங்கவைத்தார். உறவினர்கள் நோயைப் பக்கத்திலிருந்து பார்த்தார்கள், பார்த்துக்கொள்ளக் கற்றார்கள், நோயாளியைக் கூட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். மேலை நாடுகளில் குடும்பத்தையே மனநோய்க்குக் காரணமாகச் சந்தேகித்துக்கொண்டிருந்த காலம் அது. வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையமும் 1957-இல் தொடங்கியது முதல் குடும்பத்தாரை உடன் தங்கவைத்தே வந்திருக்கிறது. நம் ஊர் அரசு மருத்துவமனை வராந்தாவில் பாயும் கூஜாவுமாகப் படுத்துக் கிடக்கும் 'கூட இருக்கிறவங்க'ளை நெரிசல் என்று மட்டுமே பார்த்துப் பழகிய எங்களுக்கு, அந்தக் கூடாரங்கள் நெடுநாள் மனத்தில் நின்றன.

ஆய்வுப் பொருள் பக்கவாதம். மருத்துவமனையில் பத்து நாள் இருந்துவிட்டு ஒரு கையும் காலும் வராத நிலையில் வீடு திரும்பும் முதியவரை, அந்த வீடு எப்படிச் சுமக்கிறது என்பது கேள்வி. கருவி, 1980-இல் ஸ்டீவன் சாரிட்டும் அவர் சகாக்களும் உருவாக்கிய வினாத்தாள். மறதிநோயாளிகளின் குடும்பங்களுக்கென எழுந்தது. பிறகு பக்கவாதம் உட்பட வேறு பல நோய்களுக்கும் வழங்கிவருகிறது. 22 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒருபோதும் இல்லை என்பதற்குச் சுழி முதல் எப்போதும் என்பதற்கு நான்கு வரை மதிப்பெண், ஆகக்கூடினால் 88. உங்களுக்கென்று நேரம் கிடைப்பதில்லையா, அவர் அருகில் இருக்கையில் கோபம் வருகிறதா, இன்னும் நன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று தோன்றுகிறதா என்ற போக்கில் கேட்டுச் சென்று, கடைசியில் மொத்தத்தில் எவ்வளவு பாரமாக உணர்கிறீர்கள் என்று முடியும்.

அதைத் தமிழில் பெயர்ப்பதற்கே ஓராண்டு பிடித்தது. ஒருவர் தமிழாக்க, ஆங்கில மூலம் பாராத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்க, இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்துவது இத்துறையில் முறை. தாள் அந்தச் சோதனைகளில் எல்லாம் பழுதின்றித் தேறியது. தெருவில் தேறவில்லை. 'பராமரிப்பாளர்' என்ற சொல்லைச் சண்முகாபுரத்தில் ஒருவர் அரசாங்கம் நியமிக்கும் ஊழியர் என்று எடுத்துக்கொண்டார். 'குற்றவுணர்வு' யாருக்கும் புரியவில்லை. "மனசு உறுத்துதா" என்றால் கண் கலங்கினார்கள். எல்லாவற்றிலும் பெரிய முட்டுக்கட்டை 'சுமை'. முப்பது நாற்பது நிமிடம் தன் பாட்டை எல்லாம் சொன்ன அதே பெண், மூன்றும் நான்குமாக மதிப்பெண் சேர்த்தபின், கடைசிக் கேள்வியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "சுமைன்னு சொல்லாதீங்க. அவர் எனக்குச் சுமையா?" என்று கேட்பார். வீட்டுக்குள் வந்து வீட்டாரை வசைபாடிவிட்டதுபோல் ஆகிவிடும். நாங்கள் இருவரும் இரவுகளில் அமர்ந்து பாரம், சிரமம், கஷ்டம், தொல்லை என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம். 'பாடு' என்ற சொல் வந்து விழுந்தது பிறகுதான். படுகிறவளின் பக்கம் நிற்கும் சொல் அது. படவைத்தவரைக் குற்றம் சாட்டாது. ஆங்கிலத்துக்குத் திரும்பப் பெயர்த்தவருக்கு அச்சொல்லை என்ன செய்வதென்று தெரியவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

இனி அம்மாவைப் பற்றி. எங்களில் ஒருவனைப் பெற்றவர், மற்றவளுக்கு மாமியார். ஆய்வுப் பொருளைத் தேர்ந்தபோது அவர் திடமாக இருந்தார். 2017-இல்தான் உலையில் அரிசி போட்டதை மறந்து மறுபடி அரிசி களையத் தொடங்கினார். ஆய்வுக்கும் இதற்கும் தொடர்பில்லை, ஆயினும் உறவினர் ஒருவர், "நீ நோயைப் பத்தியே படிச்சிட்டிருந்தா வீட்டுக்குள்ள வராம என்ன செய்யும்?" என்று கேட்டது எங்களில் ஒருத்திக்கு இன்றும் ஆறவில்லை.

அப்பா ரோடியர் மில்லில் வேலை பார்த்தவர். முதலியார்பேட்டையில் 1898-இல் தொடங்கிய ஆங்கிலோ-பிரெஞ்சு மில்லைப் புதுச்சேரிக்காரர்கள் ரோடியர் என்றே சொல்வார்கள். 1986-இல் அரசு எடுத்து நடத்தத் தொடங்கியது. தேய்ந்து தேய்ந்து 2020-இல் முழுவதுமாக மூடப்பட்டது. அப்பா அதற்கு வெகுகாலம் முன்பே போய்விட்டார். அம்மாவுக்கு மட்டும் மில்லின் சங்கு ஒலித்துக்கொண்டே இருந்தது. பகல் ஆனால் கேரியரைக் கழுவி வைப்பார்.

2018 ஜூன் மாதத்தில் ஒரு நாள், எங்களில் ஒருத்தி வில்லியனூரில் ஒரு வீட்டில் நேர்காணல் எடுத்துக்கொண்டிருந்தாள். நேர்காணலின்போது செல்பேசியை ஒலியடக்கி வைப்பது ஆய்வறம். எங்களில் ஒருவன் இரவு ஷிஃப்டு முடிந்து வீட்டில் உறங்கிக்கொண்டிருந்தான். கதவைத் தாழிட்டதாகத்தான் இன்றும் அவனுக்கு நினைவு. அம்மா கேரியரோடு இறங்கிப் போய்விட்டார். இரண்டரை மணி நேரம். மருத்துவக் கல்லூரி வாயிலருகே இட்லி விற்கும் அம்மாள் ஒருவர் அவரைத் தன் பெஞ்சில் உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, தெரிந்த முகம் ஏதாவது வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். "மில்லுக்கு டெம்போ வரலைன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. சங்கு ஊதிட்டாங்களாம்" என்றார். கேரியரின் மேலடுக்கில் பச்சரிசி இருந்தது. கீழடுக்கில் ஒன்றுமில்லை.

வில்லியனூர் வீட்டைவிட்டு வெளியே வந்து செல்பேசியைப் பார்த்தபோது 17 அழைப்புகள் தவறியிருந்தன. அந்த நேர்காணலில் அப்போதுதான் 'இன்னும் நன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று தோன்றுகிறதா' என்று கேட்டு, பதிலுக்கு மூன்று போட்டிருந்தாள். இதைச் சிறுகதையில் எழுதியிருந்தால் செயற்கை என்று நாங்களே அடித்திருப்போம்.

மறுநாள் காலை ஒன்பதரைக்குத் தங்கை வந்தாள். இவளை எங்கள் பன்மையில் எப்படிக் குறிப்பது என்பதும் ஒரு சங்கடமே. ஒருவனுக்குத் தங்கை, மற்றவளுக்கு நாத்தனார். குடும்ப வரைபடம் என்று இத்துறையில் போடுவார்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவருக்கு உள்ளே ஒரு பெருக்கல் குறி. அதில் அவள் ஒரு சிறு வட்டம், அவ்வளவுதான். இங்கே தங்கை என்றே சொல்கிறோம். அவள் வாழ்க்கைப்பட்ட இடம் அரியாங்குப்பம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, டெம்போ பிடித்துப் பேருந்து நிலையம், அங்கிருந்து இன்னொன்று பிடித்துக் கதிர்காமம். ஒருவரும் அவளைக் கேட்கவில்லை. பையை மாட்டிவிட்டு, "அம்மா குளிச்சாங்களா அண்ணி?" என்றாள். மாலை நான்குக்குக் கிளம்பினாள். மறுநாளும் வந்தாள்.

அதற்கு முன் ஆள் வைத்துப் பார்க்க முயன்றிருந்தோம். ஆய்வு உதவித்தொகை மாதம் 8,000 ரூபாய். முதியவரைப் பகலில் பார்த்துக்கொள்ள வருபவருக்கு அதைவிட அதிகம் கேட்டார்கள், கேட்டதில் தவறில்லை. தங்கைக்குப் பேருந்துச் செலவுக்காவது கொடுக்கலாம் என்று எங்களில் ஒருவன் நோட்டை நீட்டியபோது, "என்ன அண்ணே, கூலியா?" என்று கேட்டாள். அதன்பின் நீட்டவில்லை. நீட்டியிருக்க வேண்டுமா, வேறு வழியில் கொடுத்திருக்க வேண்டுமா என்பதில் எங்கள் இருவருக்கும் இன்னும் கருத்து ஒன்றவில்லை.

ஒரு மாதம் கழித்து, 'பாடு' என்று மாற்றிய தாளை ஒருமுறை யாரிடமாவது வைத்துப் பார்க்கலாமென்று, அம்மா உறங்கிய மதியத்தில் தங்கையை உட்காரவைத்தோம். வயது, படிப்பு, நோயாளிக்கு என்ன உறவு. ஏழாவது வரி: நோயாளியுடன் ஒரே வீட்டில் வசிப்பவரா? இல்லை எனில் நன்றி கூறி நேர்காணலை முடித்துக்கொள்ளவும்.

"இல்லையே அண்ணி, நான் அரியாங்குப்பத்துலல்ல இருக்கேன்" என்றாள் தங்கை.

அந்த வரியை எழுதியவள் எங்களில் ஒருத்திதான். வழிகாட்டியும் குழுவும் ஏற்ற வரி. துறையின் ஆய்வுகள் பலவற்றில் உள்ள வரி. இந்தியக் குடிக்கணக்கும் ஒரு குடித்தனம் என்பதை அப்படித்தான் வரையறுக்கிறது: வழக்கமாகச் சேர்ந்து வாழ்ந்து, பொதுவான சமையலறையில் உண்பவர்கள். ஒரே அடுப்பு. குடும்பம் வேறு, குடித்தனம் வேறு, இரண்டையும் குழப்பாதீர்கள் என்று ஏ.எம். ஷா 1973-இல் ஒரு நூலே எழுதியிருக்கிறார். அதைப் படித்து, பக்க எண்ணோடு குறிப்பெடுத்து, முதல் இயலில் மேற்கோளும் காட்டியாகிவிட்டது. காட்டிவிட்டுக் குடும்பத்தைப் பற்றிய ஆய்வுக்குக் குடித்தனத்தைக் கொண்டு ஆள் பொறுக்கியிருக்கிறோம். தமிழில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருந்தும் கண்ணில் படவில்லை.

அன்றிரவு களக் குறிப்பேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணினோம். ஏழாவது வரியில் நன்றி கூறி எழுந்து வந்த வீடுகள் 11. அவற்றில் பெரும்பாலானவர்கள் பக்கத்துத் தெருவிலோ அடுத்த ஊரிலோ வாழ்க்கைப்பட்டு, நாள்தோறும் வந்து அப்பாவையோ அம்மாவையோ குளிப்பாட்டிச் சோறூட்டிச் செல்லும் மகள்கள். அவர்களை விலக்கிவிட்டு, கேட்பதற்குரியவர் என்று, அதே வீட்டில் வசித்த வேறொருவரிடம் கேட்டிருந்தோம். ஒரு வீட்டில் அப்படிக் கிடைத்தவர் பேரன், கல்லூரி மாணவன். தாத்தாவுக்கு எத்தனை மாத்திரை என்று அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. குறிப்பேட்டில் அதையும் எழுதி வைத்திருக்கிறாள், யோசிக்காமல்.

வழிகாட்டி அம்மையார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இது உன் வீட்டுப் பிரச்சினையா, ஆய்வுப் பிரச்சினையா?" என்றார். கடுமையாகத் தோன்றிய அந்தக் கேள்வி, பின்னால் எண்ணிப் பார்க்கையில், எங்களுக்குக் கிடைத்த மிகச் சிறந்த வழிகாட்டல். பத்து நாள் எடுத்துக்கொண்டு, இரண்டையும் பிரித்து எழுதிக் கொடுத்தபின்தான் ஒப்பினார். தேர்வு வரையறையை மாற்ற அறநெறிக் குழுவிடம் மறுபடி விண்ணப்பம், புதிய ஒப்புதல் படிவம், தமிழ்ப்படி என்று எட்டு மாதம் போயிற்று. ஹார்ட்மன் 1975-இல் வகுத்த சூழல் வரைபடத்தை இம்முறை வினாத்தாளுக்கு முன்பே வரையச் சொல்லலாம் என்றார் அம்மையார். நடுவில் வீட்டுக்கு ஒரு வட்டம், சுற்றிலும் மருத்துவமனை, ரேஷன் கடை, கோயில், உறவுகள் என்று வட்டங்கள், இடையே கோடுகள். உறுதியான உறவுக்குத் தடித்த கோடு, நலிந்ததற்குப் புள்ளிக்கோடு, உரசல் உள்ளதற்குக் குறுக்கு வெட்டுகள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் கோலம் போடும் கைகொண்டு அதை அழகாக வரைந்தார்கள். தடித்த கோடுகள் பெரும்பாலும் வீட்டுக்கு வெளியேதான் போயின. ரேஷன் அட்டையில் பெயரில்லாதவர்களை நோக்கிப் போயின.

ஒரு சொல்தா வீட்டைப் பற்றிச் சொல்லாமல் நகர மனமில்லை. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வூதியம் பெறுபவரை இங்கே சொல்தா என்பார்கள். பிரான்சும் இந்தியாவும் 1956-இல் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 1962-இல் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வேண்டுவோர் தேர்ந்துகொள்ள ஆறு மாத அவகாசம் இருந்தது. அப்படித் தேர்ந்த குடும்பங்களில் ஒன்று. பெரியவர் தலையணைக்கு அடியிலிருந்து பிரெஞ்சு அரசு கொடுத்த குடும்பக் கையேட்டை எடுத்துக் காட்டினார். திருமணம், ஒவ்வொரு பிள்ளையின் பிறப்பு, எல்லாம் முத்திரையோடு. குடும்பம் என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் துப்புரவான சான்று இருக்க முடியாது. பிள்ளைகள் நால்வரும் பிரான்சில். மனைவி இறந்துவிட்டார். வலப்பக்கம் விழுந்துபோன பெரியவரைத் தூக்கி உட்காரவைத்தவர், மனைவியின் விதவைத் தங்கை. கையேட்டில் அவருக்குரிய பக்கம் என்று ஒன்று இல்லை. அவரிடம் தாளைக் கொடுத்தபோது, "நான் இந்த வீட்டு ஆளில்லீங்களே" என்று தயங்கினார். பதினாறு வருடமாக அங்கேதான் இருக்கிறார். (வீட்டை அடையாளம் காணாதபடி இரண்டொரு விவரங்களை மாற்றியிருக்கிறோம்.)

விட்டுவந்த 11 வீடுகளுக்குத் திரும்பப் போனோம். நாங்கள் என்றே சொல்லலாம். எங்களில் ஒருவன் விடுமுறை நாட்களில் வண்டி ஓட்டினான். மூன்று வீடுகளில் நோயாளி இறந்திருந்தார். முத்திரையர்பாளையத்தில் ஒரு பெண் வாசலிலேயே நிறுத்தினார். "அன்னிக்கு நீ கணக்குல வரமாட்டேன்னு எழுந்து போனீங்க. இன்னிக்கு வந்துட்டேனா?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. தண்ணீர் கொடுத்தார், குடித்துவிட்டு வந்தோம். ஆய்வேட்டில் அவர் 'பங்கேற்க மறுத்தவர் ஒருவர்' என்று ஓர் எண்ணாக இருக்கிறார்.

காலம் ஓடிக்கொண்டிருந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016-ஆம் ஆண்டு விதிப்படி முனைவர் பட்டத்துக்கு உச்சவரம்பு ஆறு ஆண்டு; பெண்களுக்கு மேலும் இரண்டு ஆண்டு சலுகை உண்டு; மகப்பேறு அல்லது குழந்தை பராமரிப்புக்கென 240 நாள் விடுப்பும் உண்டு. நல்ல விதிதான். அதை எழுதியவர்களின் மனத்தில் இருந்த குடும்பத்தில் ஓர் இளந்தாயும் ஒரு குழந்தையும் இருந்தார்கள், மாமியார் இருக்கவில்லை. படுக்கையை நனைத்துவிட்டு, "யார் பொண்ணும்மா நீ? நல்லாயிருப்பே" என்று வாழ்த்தும் ஒருவருக்காக விடுப்பு எடுக்க அந்தத் தாளில் கட்டம் கிடையாது. 2007-இல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இருக்கிறதே என்றால், பிள்ளைகள் கைவிட்டால் மாதம் 10,000 ரூபாய் வரை வாங்கித் தர அது வழிசெய்கிறது. கைவிடாதவர்களைப் பற்றி அது பேசுவதில்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு. களப்பணி தொலைபேசிக்கு மாறியது. தங்கையால் முதல் ஏழு வாரம் வர இயலவில்லை. அந்த ஏழு வாரங்களில்தான் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பது எங்களுக்கு விளங்கியது. சோற்றைப் பிசைந்து வலப்பக்கம் அமர்ந்து கொடுத்தால்தான் அம்மா வாய் திறப்பார் என்பதை அவள் ஒருபோதும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய ஒன்று என்று அவளுக்குத் தோன்றியிருக்காது. நான்கு நாள் அம்மா உண்ணாமலிருந்தபின், எங்களில் ஒருவன் அழுதுகொண்டே தங்கைக்குத் தொலைபேசினான். "வலப்பக்கம் உக்காருண்ணே. அப்பா உக்கார்ற பக்கம்" என்றாள்.

அம்மா 2021 பிப்ரவரியில் உறக்கத்தில் போனார். அன்றும் கேரியர் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அந்தப் பழக்கத்தைத் தங்கை எடுத்துக்கொண்டிருந்தாள்.

ஆய்வேடு 2022-இல் கொடுக்கப்பட்டது. வாய்மொழித் தேர்வு 2023-இல். அது பொதுவாகத் திறந்த அவை. யாரும் வந்து அமரலாம். தங்கை பட்டுப்புடவை உடுத்திக் கடைசி வரிசையில் எங்களில் ஒருவனோடு அமர்ந்திருந்தாள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர், "ஆய்வின் நடுவில் பங்கேற்பாளர் வரையறையை மாற்றியிருக்கிறீர்களே, முன்பு சேகரித்ததன் கதி என்ன?" என்று கேட்டார். எதிர்பார்த்த கேள்விதான். எவற்றைத் தனியே பிரித்தோம், எவற்றை விட்டோம், முடிவுகள் எங்கே மாறின என்று விடை சொல்லப்பட்டது. அவர் திருப்தியுற்றார். மாற்றத் தோன்றியது எதனால் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கடைசி வரிசையைக் காட்ட வேண்டியிருந்திருக்கும். முறைப்படி அது விடையாகாது.

விழா முடிந்து சில வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, தங்கை வீட்டுக்கு வந்திருந்தாள். 'என்னதான் எழுதியிருக்கீங்க அதுல' என்று வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆய்வேடு முழுக்க ஆங்கிலம். அவளுக்காக நான்காம் இயலையும் நன்றியுரையையும் தமிழில் எழுதி வைத்திருந்தோம். அம்மாவின் கட்டிலை எடுத்துவிட்ட இடத்தில் பாயை விரித்து அமர்ந்து, முருங்கைக்கீரை ஆய்ந்தபடி கேட்டாள். வெளியூர் மகள்கள் பற்றிய பகுதியில் கை நின்றது. "இது கரெக்டு" என்றாள் ஓரிடத்தில். 'பாடு' வந்த இடத்தில், நாலு வருஷத்துக்கு முன் தான் சொன்னதை நினைவுபடுத்தினாள்: "அம்மா எப்படி அண்ணி சுமையாவாங்க, பஸ்ஸுதான் சுமைன்னு சொன்னேன். அதைப் போடலையா?" அவளுடைய தாள் ஆய்வில் சேர்க்கப்படவில்லை, சொந்த வீட்டைச் சேர்க்கக் கூடாது என்று விளக்கினோம். தலையசைத்தாள்.

பிறகு நன்றியுரை. தன் தாயை இரண்டாண்டுக் காலம் நாள்தோறும் வந்து பேணி இந்த ஆய்வைச் சாத்தியமாக்கிய நாத்தனாருக்கு, என்று படித்தோம்.

"மூணு வருஷம் அண்ணி" என்றாள். "பதினெட்டு ஜூன்லேர்ந்து இருபத்தொண்ணு பிப்ரவரி. கொரோனால வராத ஏழு வாரத்தைக் கழிச்சாலும் ரெண்டரைக்கு மேல வருது. ரெண்டுன்னு போட்டிருக்கீங்க."

விரல் விட்டு எண்ணிப் பார்த்தோம். அவள் சொன்னதுதான் சரி.

"மாத்த முடியாதா?"

கெட்டி அட்டை போட்டு நூலகத்துக்குப் போய்விட்டது, ஷோத்கங்கா தளத்திலும் ஏற்றியாகிவிட்டது, இனி மாற்றுவதற்கில்லை என்றோம்.

"சரி விடுங்க" என்று சொல்லிவிட்டுக் கீரைத் தட்டை எங்கள் பக்கம் தள்ளினாள். "இதையாவது ஆய்ஞ்சு குடுங்க. நாலு மணிக்கு நான் கிளம்பணும்."